ஏபி கவர்ன்மென்ட் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

"அது ஈஸி ஏபி, கடைசி ரெண்டு வாரம் போதும்." ஏபி என்பவை அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள். அவற்றில் ஒன்றான அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் என்ற இந்தப் பாடத்தைப் பற்றி நம் வீடுகளில் இப்படித்தான் பேச்சு. கால்குலஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ட்யூஷன் வைக்கிறவர்கள், இதற்கு ஒரு கைடு வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் டாலஸுக்கு வடக்கே ஓர் அரசுப் பள்ளியில் 12-ஆம் வகுப்புக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன். வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு நின்றபடி பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால் நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு நினைவாற்றலில் ஒரு குறையும் கிடையாது. வழக்கின் பெயர், ஆண்டு, எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கு எல்லாவற்றையும் ஃபிளாஷ் கார்டில் எழுதி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அப்படி ஒப்பித்தவர்கள் 5-க்கு 3 வாங்கி வந்து முகம் வாடி நிற்பதை வருடா வருடம் பார்க்கிறேன். இந்தத் தேர்வில் ஒரு விஷயம் தெரியும் என்பதற்குக் கிடைக்கும் மதிப்பெண் கொஞ்சம்தான். தெரிந்த அந்த விஷயத்தைக் கேள்வியில் இருக்கும் சூழ்நிலையோடு, ஏன், எப்படி என்று கோத்துக் காட்டுவதற்குத்தான் பெரும்பகுதி மதிப்பெண். தயாரிப்பு முழுவதும் அந்தக் கோர்வையைப் பழகுவதாக இருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

தேர்வின் அமைப்பு

மொத்தம் மூன்று மணி நேரம். முதல் பகுதியில் 55 கொள்குறி வினாக்கள், 80 நிமிடம். இரண்டாம் பகுதியில் நான்கு எழுத்து வினாக்கள், 100 நிமிடம். இரண்டு பகுதிக்கும் பாதிப் பாதி மதிப்பு. எழுத்து வினாக்கள் நான்கும் நான்கு விதம்: ஒரு சூழ்நிலையைக் கொடுத்து அதில் பாடத்தைப் பொருத்தச் சொல்வது ஒன்று, புள்ளிவிவர அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்பது ஒன்று, இரண்டு உச்ச நீதிமன்ற வழக்குகளை ஒப்பிடுவது ஒன்று, கடைசியாக வாதக் கட்டுரை. நான்குக்கும் சமமான எடை. கட்டுரைக்கு மட்டும் 40 நிமிடமும் மற்றவற்றுக்குத் தலா 20 நிமிடமும் ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

2025 முதல் தேர்வு முழுவதும், அதை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில்தான் நடக்கிறது. கட்டுரையையும் தட்டச்சுதான் செய்ய வேண்டும். வீட்டில் நோட்டில் எழுதிப் பழகிவிட்டு அங்கே போய்த் தட்டச்சு செய்கிற பிள்ளைக்கு நேரம் இடிக்கும். பழகும்போதே கணினியில் பழகுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜேஇஇ போன்ற தேர்வுகளை எழுதி வந்த அப்பாக்கள், "தெரியலைன்னா தொடாதே" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள். இங்கே அந்த அறிவுரை மதிப்பெண்ணைக் கெடுக்கும். 55-இல் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. நான்கு விடைகளில் நிச்சயம் தப்பு என்று தெரிகிற இரண்டை அடித்துவிட்டு, மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு குறி வைத்துவிட்டு நகர வேண்டும்.

பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள். எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுக்க வேண்டாம். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அதிபர், நீதிமன்றம், அரசு நிர்வாகத் துறைகள் ஆகியவை ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன, எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்லும் இரண்டாம் அலகுதான் மிகப் பெரியது. கொள்குறி வினாக்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல்வரை அதிலிருந்தே வரும். அடுத்தது தேர்தல், கட்சிகள், நலக்குழுக்கள், ஊடகம் பற்றிய ஐந்தாவது. மக்களின் அரசியல் கருத்துகள், கருத்துக்கணிப்பு பற்றிய நான்காவது அலகு சிறியது. அதை ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம்.

ஒன்பது ஆவணங்கள்

சுதந்திரப் பிரகடனம், முதலில் இருந்த கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு, அதை ஆதரித்து வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10, 51, 70, 78, அதை எதிர்த்து வந்த புரூட்டஸ் 1, பிறகு மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். இவை ஒன்பதும் கட்டாயம்.

இவற்றின் சுருக்கத்தை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளை எனக்கு உடனே தெரிந்துவிடும். "ஃபெடரலிஸ்ட் 10 கோஷ்டிகளைப் பற்றியது" என்பார்கள். சரி, அப்புறம்? கோஷ்டிகளைப் பற்றி அதை எழுதிய மேடிசன் என்ன சொல்கிறார்? அங்கேதான் நின்றுவிடுவார்கள். மூலத்தையே ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம், வாக்கியங்கள் நீளமானவை, சிரமம்தான். ஃபெடரலிஸ்ட் 10-ஐயும் புரூட்டஸ் 1-ஐயும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்தால் சிரமம் பாதியாகிவிடும். இரண்டுமே 1787-இன் கடைசி மாதங்களில், புதிய அரசியலமைப்பை ஏற்கலாமா கூடாதா என்ற சண்டையின் நடுவே வெளிவந்தவை.

சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள். இவ்வளவு பெரிய நாட்டை ஒரே குடியரசாக ஆள முடியுமா? முடியாது என்கிறார் புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவர். நாடு பெரிதானால் பிரதிநிதிக்குத் தன் மக்களைத் தெரியாது, மக்களுக்கும் அவரைத் தெரியாது. அதோடு, தேவையான, பொருத்தமான சட்டங்களையெல்லாம் இயற்றலாம் என்று காங்கிரஸுக்கு அதிகாரம் தரும் பிரிவும், மத்தியச் சட்டமே உயர்ந்தது என்னும் பிரிவும் சேர்ந்து மாநிலங்களை விழுங்கிவிடும் என்கிறார். மேடிசன் இதை அப்படியே திருப்பிப் போடுகிறார். நாடு பெரிதாக இருப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் கோஷ்டிகள் நிறைய இருக்கும், எந்த ஒன்றும் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்க முடியாது என்கிறார். இப்படி இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதுவதைப் படித்த பிள்ளைக்கு அது மறக்காது. கட்டுரையில் எதிர்த்தரப்பு வாதம் எழுத வேண்டிய இடத்தில் கைவசம் ஆளும் தயாராக இருப்பார்.

மற்ற ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வாதத்தைக் காரணத்தோடு பிடித்துக்கொண்டால் போதும். 51-இல் மேடிசன், ஒரு துறையின் அதிகார ஆசையை இன்னொரு துறையின் அதிகார ஆசையாலேயே தடுக்க வேண்டும் என்கிறார். 70-இல் ஹாமில்டன், நிர்வாகத் தலைமை ஒருவர் கையில் இருந்தால்தான் வேகமும் பொறுப்பும் இருக்கும், பலர் கையில் இருந்தால் தப்பு யார் செய்தது என்றே தெரியாது என்கிறார். 78-இல் அவரே, நீதிமன்றத்தின் கையில் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, அதனால் அது சுதந்திரமாக இயங்க நீதிபதிகளுக்கு நிரந்தரப் பதவி வேண்டும் என்கிறார்.

கிங்கின் கடிதத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பொறுமையாக இருங்கள் என்று சொன்ன வெள்ளை இன மதகுருக்களுக்கு அவர் எழுதும் பதிலை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்கும் வாக்கியம் மிக நீளமானது, முற்றுப்புள்ளி வரவே வராது. அதை வாசிக்கும்போது வகுப்பில் யாரும் ஃபோனைத் தொடுவதில்லை. தேர்வைப் பொறுத்தவரை, இந்தக் கடிதத்தை 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவோடும் 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீதியில் நடந்த போராட்டம் எப்படிச் சட்டமாக மாறியது என்ற கேள்விக்கு மூன்றும் சேர்ந்துதான் பதில்.

வழக்குகள்: இரண்டாக ஜோடி சேருங்கள்

கட்டாய வழக்குகள் 14. முன்பு 15 இருந்தன. 2022-இல் உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பை ரத்து செய்த பிறகு அது பட்டியலிலிருந்து போய்விட்டது. பழைய கைடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இவற்றை ஆண்டு வரிசையில் மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. குழப்பம் வரும் வழக்குகளை ஜோடியாகப் படியுங்கள். எங்கல் (1962), யோடர் (1972) இரண்டுமே மதம் பற்றியவை. நியூயார்க் பள்ளிகளில் அரசே எழுதிக் கொடுத்த பிரார்த்தனை கூடாது என்றது முதலாவது. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு மேல் அனுப்பும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்றது இரண்டாவது. முன்னதில் அரசு மதத்தை நிறுவக் கூடாது என்ற பிரிவு, பின்னதில் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றலாம் என்ற பிரிவு. இரண்டும் முதல் திருத்தத்தில் அடுத்தடுத்து இருப்பதால் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுவார்கள், மதிப்பெண் அங்கேயே போய்விடும். பேக்கர் (1962), ஷா (1993) இன்னொரு ஜோடி: தொகுதி எல்லை தகராறில் நீதிமன்றம் தலையிடலாம் என்றது ஒன்று, இனத்தையே பிரதானமாக வைத்து எல்லை வரைந்தால் அதைக் கடுமையாகச் சோதிப்போம் என்றது மற்றொன்று. ஷெங்க் (1919) பேச்சுரிமைக்கு எல்லை போட்டது, டிங்கர் (1969) பள்ளிக்குள்ளும் அந்த உரிமை உண்டு என்றது.

ஒப்பீட்டு வினாவில் ஒரு கட்டாய வழக்கும், பிள்ளை கேள்வியே பட்டிராத இன்னொரு வழக்கும் வரும். கேள்விப்படாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் விவரம் முழுவதும் கேள்வியிலேயே இருக்கும். கட்டாய வழக்கின் விவரம்தான் தலையிலிருந்து வர வேண்டும். ஒன்றை எடுத்துச் செய்து காட்டுகிறேன்.

எங்கள் டெக்சஸ் வழக்கான லோபஸையே எடுத்துக்கொள்வோம். 1992-இல் சான் அன்டோனியோவில் 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்தார். பள்ளி வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்று காங்கிரஸ் 1990-இல் போட்ட சட்டப்படி அவர்மேல் மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. இந்தச் சட்டம் போட காங்கிரஸுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்ற வணிகப் பிரிவிலிருந்து என்றது அரசுத் தரப்பு. 1995-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. பள்ளிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது பொருளாதாரச் செயலே அல்ல, அதை வணிகம் என்று ஒப்புக்கொண்டால் காங்கிரஸின் அதிகாரத்துக்கு எல்லையே இருக்காது என்றது.

இப்போது இன்னொன்று, 2005-இல் வந்த ரெய்ச் வழக்கு. கலிஃபோர்னியாவில் மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்த மாநிலச் சட்டம் அனுமதித்தது. சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வளர்த்த செடிகளை மத்திய அதிகாரிகள் அழித்தார்கள். மத்தியச் சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் 6-க்கு 3 கணக்கில் சொன்னது.

முதல் கேள்வி, இரண்டுக்கும் பொதுவான அரசியலமைப்புப் பிரிவு எது? வணிகப் பிரிவு. ஒரே வரி போதும்.

இரண்டாவது, தீர்ப்புகள் ஏன் வேறுபட்டன? இங்கேதான் பிள்ளைகள் சறுக்குவார்கள். "லோபஸில் காங்கிரஸ் தோற்றது, ரெய்ச்சில் ஜெயித்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது நடந்ததைச் சொல்வது மட்டும்தான், ஏன் என்பதற்குப் பதில் வரவில்லை. எழுத வேண்டியது இப்படி: லோபஸில் பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது எந்தச் சந்தையோடும் சம்பந்தப்படாத செயல், அதனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. ரெய்ச்சில் கஞ்சா என்பது நாடு முழுக்கச் சந்தை உள்ள ஒரு பொருள். வீட்டில் வளர்த்தாலும் மொத்தமாகச் சேரும்போது அந்தச் சந்தையின் வரத்தையும் தேவையையும் பாதிக்கும், அதனால் காங்கிரஸ் தலையிடலாம். வழக்கின் விவரம், அதிலிருந்து நீதிமன்றம் சொன்ன காரணம், அதனால் வந்த தீர்ப்பு. இந்த மூன்றும் இரண்டு வழக்குக்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தீர்ப்பு பிடிக்காதவர்கள் என்ன செய்யலாம் என்பது போன்ற கேள்வி. நலக்குழுவாகச் சேர்ந்து காங்கிரஸை அணுகி, மத்தியப் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தச் சொல்லலாம். நீதிமன்றம் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்றுதானே சொன்னது? அந்த அதிகாரத்தைத் தளர்த்தவும் காங்கிரஸால் முடியும்.

இதேபோல் வாரம் ஒரு ஜோடி செய்தால் போதும். ஓயெஸ் என்ற தளத்தில் வழக்குகளின் சுருக்கமும், பல வழக்குகளில் நடந்த வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவும் இலவசமாகக் கிடைக்கின்றன. காரில் போகும்போது கேட்கலாம்.

அட்டவணைக் கேள்வி

இதில் நம் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை, கணக்குதானே என்பார்கள். எண்ணைப் படிப்பது சுலபம்தான். ஆனால் கடைசிப் பிரிவில் அந்த எண்ணை அரசியல் கோட்பாட்டோடு இணைக்கச் சொல்வார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையில் டெக்சஸுக்கு 36 இடம் 38 ஆனது, ஃப்ளோரிடாவுக்கு 27 இடம் 28 ஆனது, கலிஃபோர்னியாவுக்கு 53 இடம் 52 ஆனது, நியூயார்க்குக்கு 27 இடம் 26 ஆனது. இதை அட்டவணையாகக் கொடுத்தால் முதல் கேள்வி, அதிக இடம் கூடியது எங்கே என்று வரும். கடைசிக் கேள்வி, இந்த மாற்றம் அதிபர் தேர்தலை எப்படிப் பாதிக்கும் என்று வரும். சபை இடங்களோடு இரண்டு செனட் இடங்களைக் கூட்டினால் வருவதுதான், அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கை. டெக்சஸுக்கு அது 40. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகமாக வாங்கியவருக்கே அந்தத் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போகும். ஆகவே அந்த மாநிலத்தை ஜெயிப்பவருக்கு, அதிபராவதற்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளில் முன்பைவிடப் பெரிய பங்கு கிடைக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடாமல் எழுதினால்தான் மதிப்பெண்.

சூழ்நிலைக் கேள்வியும் இதே ரகம்தான். செனட்டில் 52 பேர் உள்ள கட்சியின் அதிபர், தன் மசோதா நிறைவேறாமல் தவிக்கிறார், ஏன் என்று கேட்டால், "ஃபிலிபஸ்டர் (விவாதத்தை முடியவிடாமல் இழுப்பது) தாமதப்படுத்தும்" என்பது அரை பதில். விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்கு வேண்டும், 52 போதாது, எதிர்க்கட்சியில் எட்டுப் பேரையாவது இழுக்க மசோதாவில் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் முழுப் பதில்.

கட்டுரை

மொத்தம் 6 மதிப்பெண். தெளிவான நிலைப்பாட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்பு வாதத்துக்குப் பதில் சொல்வதற்கு ஒன்று. மீதி நான்கும் சான்றுக்கும், அந்தச் சான்று நிலைப்பாட்டை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கத்துக்கும். இரண்டு சான்று வேண்டும். ஒன்று கேள்வியில் பட்டியலிட்ட ஆவணங்களிலிருந்தே வர வேண்டும்.

"அதிபரின் அதிகாரத்துக்கு இன்று போதுமான கட்டுப்பாடு இருக்கிறதா" என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை எழுதும் முதல் வரி: "அதிபரின் அதிகாரத்தைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன, சிலர் போதும் என்கிறார்கள், சிலர் போதாது என்கிறார்கள்." இது நிலைப்பாடே அல்ல. "கட்டுப்பாடு போதும்" என்று மட்டும் எழுதினாலும் கேள்வியையே திருப்பிச் சொன்னதாகிவிடும். "காங்கிரஸின் நிதி அதிகாரமும் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரமும் அதிபரின் தன்னிச்சையான ஆணைகளைத் தடுப்பதால், அதிபர் பதவிக்குப் போதுமான கட்டுப்பாடு இருக்கிறது" என்று எழுதினால் நிலைப்பாடும் வந்துவிட்டது, காரணமும் வந்துவிட்டது. கட்டுரையின் மீதி இரண்டு பத்திகளும் அந்த வரியிலிருந்தே கிளம்பும்.

ஃபெடரலிஸ்ட் 51 ஒரு சான்று. இரண்டாவதாக, கொரியப் போரின்போது ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியதை 1952-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அது கட்டாய வழக்கு அல்ல, ஆனாலும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். எதிர்த்தரப்புக்கு, போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸ் 1973-இல் சட்டம் போட்ட பிறகும் அதிபர்கள் படைகளை அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று ஒரு வாதத்தை எடுத்து, அதை ஒப்புக்கொண்டோ மறுத்தோ இரண்டு வரி. எதிர்த்தரப்பை எழுதிவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால் அந்த மதிப்பெண் கிடையாது.

பிள்ளைகள் கேட்பார்கள்: "மிஸ், திருத்துறவங்க எந்தக் கட்சியோ, நான் இந்தப் பக்கம் எழுதினா குறைப்பாங்களா?" குறைக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, சான்று எந்தப் பக்கம் கையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் எழுது என்பதுதான் என் பதில். மனதுக்குப் பிடித்த பக்கத்துக்குச் சான்று ஞாபகம் வராவிட்டால், தேர்வு அன்று மறுபக்கம் எழுதிவிட்டு வா.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது

பெற்றோர் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுப்பது நல்ல வழி. ஆனால் நம் தலையில் இந்திய நாடாளுமன்றம் உட்கார்ந்திருக்கும். 1999-இல் அதிமுக ஆதரவை விலக்கி, வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒன்று நடக்க வழியே இல்லை. அதிபருக்குக் காங்கிரஸில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் நான்கு ஆண்டும் அவர்தான் அதிபர். பதவி நீக்கத்துக்குச் சபையில் குற்றச்சாட்டு, பிறகு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை எந்த அதிபரும் செனட்டின் தீர்ப்பால் பதவி இழந்ததில்லை. அதேபோல் அதிபராலும் காங்கிரஸைக் கலைக்க முடியாது. ஆளுநர் இங்கே மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர், மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. இந்த வித்தியாசங்களைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளையை விட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். "அப்போ பெரும்பான்மை இல்லாம எப்படிக் காரியம் நடக்கும்?" என்று விடாமல் கேளுங்கள். அவர்கள் நிர்வாக ஆணை, சமரசம், ரத்து அதிகாரம் என்று சொல்லிச் சொல்லி வரும்போது இரண்டாம் அலகு முழுவதும் வந்துவிடும். உங்களுக்கு விடை தெரியாமல் இருப்பது அங்கே நல்லதுதான், பிள்ளை முழுதாக விளக்கியாக வேண்டுமே.

செய்தியும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, அதில் எந்தப் பிரிவு, எந்த வழக்கு, எந்த ஆவணம் சம்பந்தப்படுகிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நம் பல வீடுகளில் அப்பா அம்மா இருவரும் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள், இங்கே பிறந்த பிள்ளைதான் அந்த வீட்டின் முதல் வாக்காளர். 12-ஆம் வகுப்பு முடிவதற்குள் அவர்களில் பலருக்கு 18 ஆகிவிடுகிறது. வாக்காளர் பதிவுப் படிவத்தை வகுப்பில் கொடுக்கும்போது சிலர் அதை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாடத்தை ஈஸி ஏபி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

காலக் கணக்கு

தேர்வு மே மாதத் தொடக்கத்தில். டெக்சஸில் பல பள்ளிகள் அரசாங்கத்தை அரை ஆண்டும் பொருளாதாரத்தை அரை ஆண்டும் நடத்துகின்றன. டிசம்பரில் பாடம் முடிந்த பிள்ளை மே வரை அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் எல்லாம் கலைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஜனவரியிலிருந்தே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு ஆவணமோ ஒரு ஜோடி வழக்கோ பார்த்துவர வேண்டும். வருடம் முழுவதும் பாடம் உள்ளவர்களுக்கு மார்ச் இடைவேளை விடுமுறைக்குப் பிறகு தொடங்கினால் போதும்.

ஏப்ரல் முழுவதும் எழுதுவதற்கு. காலேஜ் போர்டு தளத்தில் முந்தைய ஆண்டுகளின் எழுத்து வினாக்கள், மதிப்பிடும் முறை, மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள் எல்லாம் இருக்கின்றன. கைடு புத்தகத்தைவிட இவைதான் உயர்ந்தவை. நேரம் வைத்து எழுதியதும், மதிப்பிடும் முறையைப் பக்கத்தில் வைத்துத் தானே திருத்த வேண்டும். கேள்வியில் என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஐடென்டிஃபை என்றால் பெயரைச் சொன்னால் போதும். டிஸ்கிரைப் என்றால் அதன் தன்மையை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளெயின் என்றால் காரணம் இல்லாமல் விடை முடியாது. தங்கள் விடையில் "ஏனென்றால்", "அதனால்" வருகிற இடங்களுக்கு மஞ்சள் அடிக்கச் சொல்வேன். எக்ஸ்ப்ளெயின் கேட்ட பிரிவில் மஞ்சளே இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். பாடமே சரியாகப் புரியாத பகுதிகளுக்கு கான் அகாடமியின் இலவசப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன.

தேர்வு நாளில்

புளூபுக்கை முந்தைய வாரமே நிறுவி, அதில் உள்ள முன்னோட்டத்தை ஒரு முறை திறந்து பார்க்கட்டும். மடிக்கணினியை முழுக்க சார்ஜ் செய்து, சார்ஜரையும் எடுத்துப் போகட்டும்.

எழுத்துப் பகுதியில் நான்கு கேள்விகளையும் முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதை வேண்டுமானாலும் முதலில் எழுதலாம். நான் என் மாணவர்களைக் கட்டுரையில் தொடங்கச் சொல்வதுண்டு. களைப்பு வருவதற்கு முன்பே கனமான வேலை முடிந்துவிடும். 40 நிமிடம் ஆனதும் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மற்ற மூன்றுக்கும் முன்னுரையோ முடிவுரையோ தேவையில்லை. ஏ, பி, சி என்று பிரிவின் பெயரைப் போட்டு நேராக விடையில் இறங்கலாம். ஆனால் துண்டு துண்டான சொற்களாக இல்லாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும். ஒரு பிரிவுக்கு விடை தெரியாவிட்டாலும் அடுத்த பிரிவைத் தனியாக எழுதி மதிப்பெண் வாங்கலாம் என்பதால் எதையும் காலியாக விட வேண்டாம்.

மதிப்பெண் ஜூலையில் வரும். சேரப்போகும் கல்லூரி 3-க்குக் கிரெடிட் கொடுக்கிறதா, 4 கேட்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைக் கல்லூரியின் தளத்தில் இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.